சும்மாக் குச்சி

காலை பத்து மணிக்கு முடிவுத்தாள் வந்தது. பத்தரைக்குள் அவள் அதை நாலு தடவை படித்துவிட்டாள். ஏழாவது குழாயில் கிருமி இருந்தது. எந்தக் கிருமியும் இருக்கவே கூடாத குழாய் அது.

விஷயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் ஒரு குழாய்க்கு ஏன் இத்தனை பதற்றம் என்று புரியும். அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் பிணந்தின்னிக் கழுகுகளுக்கானது. ஒரு காலத்தில் வானத்தை மறைத்துப் பறந்த இனம், இப்போது எண்ணிப் பார்க்கக் கைவிரல்களே போதும். செத்து நாறியதைத் தின்கிற பறவைக்கு நோய் வராதா என்று கேட்பார்கள். லேசில் வராது. அதன் குடலுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நமக்குள் புகுந்தால் நம்மைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிடக் கூடியவை, அங்கே வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி அடங்கி ஒடுங்கி, தின்றதைச் செரிக்க வைத்து, காவலும் காக்கின்றன. அந்தக் குடித்தனத்தைக் கணக்கெடுப்பதுதான் இவர்கள் பிழைப்பு. யார் பழைய குடி, யார் புதிதாக நுழைந்த வெளியாள் என்று பார்ப்பார்கள்.

இந்த வருடம் செங்குத்துப் பாறையில் மொத்தம் நாலே குஞ்சுகள். ஒன்று போன வாரம் கூட்டிலேயே செத்துக் கிடந்தது. அறுத்துப் பார்த்தால் குடல் முழுக்க ஒரே வெளியாள். பழைய குடிகளை அடித்து விரட்டிவிட்டு அது மட்டும் உட்கார்ந்திருந்தது. மற்ற மூன்றுக்கும் அது தொற்றியிருக்கிறதா என்று பார்க்க, அவளுடைய தம்பி கயிறு கட்டிப் பாறையில் இறங்கினான். பிடித்தால் விடமாட்டான் என்பதால் அவனை எல்லோரும் ‘உடும்பு’ என்றே கூப்பிடுவார்கள்.

ஒவ்வொரு குஞ்சுக்கும் தொண்டையில் ஒரு பஞ்சுக்குச்சி, பின்பக்கம் ஒரு பஞ்சுக்குச்சி. ஆக ஆறு. ஏழாவது குச்சி எதையும் தொடக்கூடாது. கூட்டுக்குப் பக்கத்தில் காற்றில் திறந்து, அப்படியே குழாயில் போட்டு மூட வேண்டும். அதிலும் கிருமி தெரிந்தால் அது பறவையிடமிருந்து வரவில்லை, எடுத்தவன் கையிலிருந்தோ சோதித்தவள் மேசையிலிருந்தோ வந்தது என்று அர்த்தம். புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. இவர்கள் வாயில் அது ‘சும்மாக் குச்சி’.

இப்போது முதல் நாலு குழாய் சுத்தம். மூன்றாவது குஞ்சின் ஐந்தாவது, ஆறாவது குழாயில் வெளியாள். சும்மாக் குச்சியிலும் வெளியாள்.

ஆய்வுத் தலைவி தாளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். செத்த குஞ்சின் மாதிரியையும் அன்றைக்கு அதே தட்டில்தானே வைத்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியானால் அதிலிருந்து ஒரு துளி தெறித்துப் பக்கத்துக் குழாய்களில் விழுந்திருக்கிறது, இந்த முடிவு செல்லாது, குப்பையில் போடுங்கள் என்றார். மறுபடி எடுக்கலாமா என்றால், ஒரு மாதம் கழித்துத்தான். அடுத்தடுத்து ஆள் இறங்கினால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடும்.

கால்நடை மருத்துவர் விடவில்லை. எதற்கும் மூன்றாவது குஞ்சுக்கு மருந்து கொடுத்துவிடலாமே என்றார்.

“கொடுத்தா வெளியாளோட சேர்த்துப் பழைய குடியும் அழிஞ்சிடும் டாக்டர். நல்லா இருக்கிற குஞ்சா இருந்தா நாமளே கொன்ன மாதிரி ஆயிடும். சந்தேகத்துக்கெல்லாம் மருந்து கொடுக்க முடியாது.”

தலைவி சொன்னதும் நியாயம், மருத்துவர் கேட்டதும் நியாயம். அதுதான் வேதனை. மாலை நாலு மணிக்குக் கோப்பில் கையெழுத்துப் போட்டு மூடிவிடுவதாக முடிவாயிற்று. வெளியாள் நுழைந்த குஞ்சு ஒரு வாரம் தாங்கினாலே பெரிது.

அவள் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. கையுறை மாற்றினேனா? மாற்றினேன். ஒவ்வொரு குழாய்க்கும் மாற்றினேன். ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவில்? நடுவில் ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றுதான் நினைவு. பதினாலு வருடத்தில் ஒரு சொட்டு சிந்தாத கை என்று அவளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வம் இப்போது அவளைப் பார்த்துப் பல்லிளித்தது. மூடிகளை எடுத்து எடுத்துப் பார்த்தாள், தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கிருமி என்ன, மை வைத்துக்கொண்டா நடமாடுகிறது?

மதியம் கயிற்று அறைக்குப் போனாள். தம்பி கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஏழாவது குச்சியை எங்கே திறந்தாய், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்டாள். காற்றையாவது குறை சொல்லலாமே என்ற நப்பாசை.

அவன் பெருமையாகச் சிரித்தான்.

“சும்மா கொண்டு வர மனசு வரலக்கா. மூணாவது குஞ்சு வாயைத் தொறந்துக்கிட்டு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டே கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு. அதான் அந்தக் குச்சியையும் அது தொண்டையில விட்டு எடுத்துட்டேன். ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா நல்லதுதானே?”

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை. துளி தெறிக்கவில்லை. கை பிசகவில்லை. ஆனால் குஞ்சுக்கு நோய் நிஜம்.

இப்போதே வா, தலைவியிடம் சொல்லிவிடலாம் என்றாள். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. போன மாதம்தான் காப்புக்கான இரண்டாவது கயிறு கட்டாமல் இறங்கிக் கடைசி எச்சரிக்கை வாங்கியிருந்தான். எங்கெங்கோ வேலைக்குப் போய், எல்லா இடத்திலும் உதவாக்கரை என்று பெயர் வாங்கி, கடைசியில் இந்தப் பாறையில்தான் மனிதனாகத் தலை நிமிர்ந்தவன்.

“இன்னிக்கு வேணாம்க்கா. நாளைக்கு நானே போய்ச் சொல்றேன். நீ சொல்லிடாத.”

நாளைக்கா? நாலு மணிக்குக் கோப்பை மூடிவிட்டால் மருத்துவரும் அடுத்த ஊர் முகாமுக்குப் போய்விடுவார். அவள் தன் மேசைக்குத் திரும்பி வந்தாள். பழியைத் தானே ஏற்றுக்கொண்டால் என்ன? குழாய்களின் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன் என்று சொன்னால் என்ன? சொல்லலாம். ஆனால் ஒரு சீட்டு மாறியிருந்தால் ஏழு சீட்டும் சந்தேகம். அப்புறம் எந்தக் குஞ்சுக்கென்று மருந்து கொடுப்பார்கள்? பொய் சொல்லக்கூட வழியில்லாமல் செய்துவிட்டானே படுபாவி என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். திட்டியபடியே ஏழாவது குழாயில் மிச்சமிருந்த சொட்டை எடுத்தாள்.

வெறும் வாய்ப்பேச்சை அந்த அறையில் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். தன் தப்பை மறைக்கத் தம்பியை இழுக்கிறாள் என்பார்கள். செத்தது ஆண் குஞ்சு, மருத்துவரே எழுதி வைத்திருக்கிறார். பறவையின் மரபணுவைச் சோதித்தால் ஆணுக்கு ஒரு கோடு விழும், பெண்ணுக்கு இரண்டு. இயந்திரம் ஓடிய இரண்டு மணி நேரமும் அவள் அதன் எதிரிலேயே நின்றாள். ஒரு கோடு விழுந்தால் தம்பி பிழைப்பான், குஞ்சு போய்விடும். இரண்டு விழுந்தால்? எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் எதையோ வேண்டிக்கொண்டாள்.

இரண்டு விழுந்தது.

மூன்றே முக்காலுக்குத் தலைவியின் மேசையில் படத்தை வைத்தாள். செத்த ஆண் குஞ்சிலிருந்து தெறித்த துளி இரண்டு கோடு காட்டாது என்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இது உயிரோடு இருக்கிற குஞ்சிலிருந்து எடுத்ததுதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

“சும்மாக் குச்சி எப்படிக் குஞ்சோட வாய்க்குள்ள போச்சு?”

அவள் படத்தை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினாள்.

“இறங்கினவர் தொட்டிருக்கார், மேடம்.”

“உங்க தம்பியா?”

“ஆமா மேடம்.”

அதற்குப்பின் எல்லாம் சட்டுப்புட்டென்று நடந்தது. அந்தக் கூட்டுக்கு இறங்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். குஞ்சைக் கீழே கொண்டு வரட்டும், வந்ததும் கயிறுகளை ஒப்படைத்துவிட்டு அவன் போகலாம் என்று தலைவி எழுதி அவனுக்கு அனுப்பினார். மருத்துவர் மருந்துப் பெட்டியோடு வண்டியில் ஏறினார். அவளும் ஏறினாள். வழி முழுக்கப் பாறை இருந்த திசையையே பார்த்துக்கொண்டு வந்தாள், குஞ்சுக்காகப் பாதி, தம்பிக்காகப் பாதி.

பாறைக்கு மேலே அவன் சின்னப் புள்ளியாகத் தெரிந்தான். இறங்கினான். கூட்டருகே வெகுநேரம் அசையாமல் நின்றான். செத்துவிட்டது போல என்று மருத்துவர் முணுமுணுத்தார். அவர் வண்டிப் பக்கம் திரும்பி நடந்தார். பிறகு அவன் மெதுவாக, மார்போடு அணைத்த பையுடன் கீழே வந்தான். இரண்டு கயிறும் ஒழுங்காகக் கட்டியிருந்தான்.

நேராக அவள் முன்னால் வந்து நின்று பையைத் திறந்து காட்டினான். உள்ளே குஞ்சின் கழுத்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“மூச்சு இருக்கு மேடம். டாக்டரை வரச் சொல்லுங்க.”

‘மேடம்’ என்றதும், தலைவியும் எப்போதோ வந்து தன் பின்னால் நிற்கிறார் போலிருக்கிறது என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.