எந்தக் கார்டு போட்டாலும் ஓடும்

பெல்ட்டில் விழுந்த இறால் மீசையை நீட்டி முடிப்பதற்குள் அது பெரிசா, பொடியா என்று கேமராவில் பார்த்துச் சொல்லிவிடும் புரோகிராம் ஒன்று கட்டுமாவடியில், சவரியப்பனின் ஐஸ் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவள் அவர் தம்பி மகள் அன்புமொழி. அதன் வேகத்துக்குப் பயந்து, இறாலெல்லாம் கடலிலேயே எடை பார்த்துக்கொண்டுதான் வலைக்குள் வருகின்றன என்று ஊரில் பேச்சு.

போன வாரம் சவரியப்பன் எந்திரத்துக்குக் கோயில் தீர்த்தம் தெளித்தார். வெளியே தெளித்திருக்கலாம். ஆசீர்வாதம் உள்ளே இறங்கட்டும் என்று மூடியைத் திறந்து, புரோகிராமுக்குக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் கார்டுக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். கார்டு நேராக மோட்சம் போய்ச் சேர்ந்தது.

புதுக்கோட்டைக் கடையில் கிடைத்தது வேறு கம்பெனிக் கார்டு.

"எந்தக் கார்டு போட்டாலும் ஓடும் பெரியப்பா, அப்புடித்தான் எழுதியிருக்கேன்" என்று திருக்கோகர்ணத்திலிருந்து வந்து இறங்கினாள் அன்புமொழி.

ஓடத்தான் செய்தது. ஆனால் கார்டு யோசித்து முடிப்பதற்குள் இறால் பெல்ட்டைக் கடந்துவிட்டது. பொடிக் கூடையில் முழங்கை நீள இறால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

வியாபாரி ரகுநாத் லாரியோடு வாசலில் நின்றார். "சாயங்காலத்துக்குள்ள பிரிச்சுக் குடுங்க. இல்லைன்னா நாளையிலேருந்து அடுத்த கூடத்துக்குப் போயிர்றேங்க."

"ஓடும்னியே ஆத்தா, இது தவழக்கூட மாட்டேங்குதே!" என்றார் சவரியப்பன்.

அன்புமொழி புரோகிராமைப் புரட்டிப் பார்த்துத் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். இரண்டு கார்டுகளுக்குள்ளும் இருக்கும் பொடிப் பொடிக் கணக்கர்கள் வேலையைக் கூட்டம் கூட்டமாகத்தான் செய்வார்கள். புதியதில் ஒவ்வொரு கூட்டமும் இரட்டிப்புப் பெரிது. அவளோ, பழைய கார்டை வேகமாக ஓட்டுவதற்காக அதன் கூட்ட அளவையே ஓரிடத்தில் நிலையாக எழுதிவைத்திருந்தாள்.

"பாதிப் பேருக்குத்தான் வேலை போய்ச் சேருது பெரியப்பா. மீதிப் பேரு சும்மா உக்காந்திருக்காங்க."

சவரியப்பன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "சும்மா உக்காந்திருக்கவுகளுக்கும் சேத்தா நான் கரண்டு பில்லு கட்டுறேன்?"

அவள் அந்த அளவை அழித்தாள். எந்தக் கார்டாக இருந்தாலும் அதனிடமே கூட்டத்தின் அளவைக் கேட்டு, அதற்கேற்ப வேலையைப் பங்கு பிரிக்கும்படி மாற்றினாள்.

அவ்வளவுதான். பெல்ட் கிளப்பிய காற்றில் ரகுநாத்தின் கண்ணாடி கழன்று விழுந்தது. பொழுது இருக்கும்போதே லாரி நிறைந்தது. "நாளைக்கும் இங்கிட்டுத்தாங்க வாரேன்" என்று கண்ணாடியைத் தேடிக்கொண்டே சொன்னார் அவர்.

அன்புமொழி நிம்மதியாக டீயை உறிஞ்சினாள். "இனி எந்தக் கார்டு வந்தாலும் வேகம் கொறையாது பெரியப்பா."

"எது வந்தாலுமா?"

"எது வந்தாலும்."

சவரியப்பனின் முகம் மலர்ந்தது. தீர்த்த பாட்டிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் மூடியின் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார்.

அன்புமொழி டீயோடு ஓடிவந்து குறுக்கே நின்றாள். "என் தலையில தெளிங்க பெரியப்பா. எழுதுனவ நாந்தானே!"