சஹனுக்கு ஆறு பேர்

பொன் இறால் விருதுக்குத் தெரிவான ஐந்து படங்களை எடுத்தவர்கள், பெயர் வாசிக்கப்பட்ட கணத்திலிருந்து விருது கொடுக்கும் நாள்வரை, நிலத்துக்கு ஒரு முழம் மேலே நிற்பார்கள். யுத்தம் முடிந்த இரண்டாம் வருஷம் கண்டக்குழிப் படக்கழகம் அந்த விருதைத் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். முதல் வருஷம் சனம் கூடி வேடிக்கை பார்த்தது. மறு வருஷம், வாசலில் தலை இடிக்காமல் குனிந்து வரச் சொல்வதோடு சரி. விருதை யார் வாங்கினார் என்பது வாங்கியவரைத் தவிர வேறு யாருக்கும் ஞாபகமில்லை. மிதந்தவர்களை மட்டும் ஊர் மறக்கவில்லை.

மதுரங்குளியில் கலியாண வீடியோ எடுக்கும் ஸப்ராஸ் வருஷா வருஷம் ஒரு படம் அனுப்பினான். ஒரு தரமும் பெயர் வரவில்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பான்; மாமனார் ஹயாத்து முகம்மதுவுக்குப் பெயர் வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் உப்பு வியாபாரி. சேர்ட் பைக்குள் கிடந்த போன் தானாகவே பதிந்துவிட்ட நீண்ட இருட்டை, இடையிடையே அவருடைய இருமலோடு, ஸப்ராஸின் மனைவியான மகள் பரீனா விளையாட்டாக விருதுக்கு அனுப்பிவைத்தாள். நடுவர்கள் அதில் ஆழம் கண்டார்கள். அந்த மாதம் முழுக்க மாமனார் மருமகன் வீட்டு விறாந்தையில் முழ உயரத்தில் நின்று, அவனுடைய உச்சந்தலையைப் பார்த்தே கதைத்தார். "நடு மண்டையில முடி கொட்டுது மருமகன், கவனிங்க" என்றார். ஸப்ராஸ் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். வாழ்க்கையில் ஒரு தரமாவது பரீனா தன்னை அண்ணாந்து பார்க்க வேண்டும், அவன் கேட்டது அவ்வளவுதான்.

கழகக் கூட்டத்தில் எழும்பினான். கலையைப் பற்றிக் கதைத்தால் தோற்றுப்போவோம் என்று அவனுக்கே தெரியும். ஆகவே சோற்றைப் பற்றிக் கதைத்தான். சோறு குவித்த ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் குந்திச் சாப்பிடுவதுதான் நமது வழமை, தெரிவானவர்களுக்கு வைக்கும் விருது விருந்தில் மட்டும் ஏன் ஐந்து பேர்? "ஒரு பக்கத்துச் சோறு ஆளில்லாமக் கிடக்குது ஹாஜியார். இதுல அல்லாஹ்ட பரக்கத்து இரிக்குமா?" தலைவர் ஜபார் ஹாஜியாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து ஆறானது. ஆறாவது இடம் ஹாஜியாரின் மச்சானுக்குப் போனது.

அந்த வருஷம் மிதந்தவர்களின் உயரம் சற்றே குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஸப்ராஸும் விடவில்லை. ஒற்றைச் சஹன் வைத்தால் அது விருந்தா என்று மறு வருஷம் கேட்டான். பன்னிரண்டு பேரானார்கள், உயரம் ஒரு சாணானது. பெண்களுக்குச் சஹன் இல்லையா என்று பரீனா கேட்டாள். அது நியாயமான கேள்வி. இருபத்து நாலு பேரானார்கள், அரைச் சாண். பெயர் வாசிக்கும்போது புருஷனின் முகம் படும் பாட்டைப் போனில் எடுத்து அனுப்பியிருந்த பரீனாவும் அதில் ஒருத்தி. அரைச் சாண் உயரத்தில் நின்று அவள் மீன் கழுவ, அவன்தான் அவளை அண்ணாந்து பார்க்க வேண்டியதாயிற்று. பிறகு, தொண்ணூறாம் வருஷம் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், "இன்னும் எங்கள விருந்தாளிப் பாயிலயா குந்த வைப்பீங்க?" என்று கேட்டார்கள். சஹன்கள் பெருகின. உயரம் ஒரு விரற்கடைக்கு வந்தது. இடம் கேட்டு வாதாடியவனுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.

கடைசியில் ஊரே தெரிவான வருஷம், விருந்தன்று, பாயில் சஹன்களை வைத்துவிட்டு ஆளை எண்ணிய ஜபார் ஹாஜியார், ஒன்றில் ஓராள் குறைகிறது என்றார். அப்படித்தான் ஸப்ராஸின் பெயர் வாசிக்கப்பட்டது. அவன் பிஸ்மி சொல்லிக் கண்ணை மூடினான். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால், கால் கடற்கரை மணலில் நின்ற இடத்திலேயே நின்றது. மாமனார் சிரிப்பை இருமலாக்கினார். ஸப்ராஸுக்கு அழுகை வந்துவிட்டது.

பரீனா தன் துப்பட்டாவில் ஒரு நூலை உருவி, அவன் முன்னால் முழங்காலிட்டு, பாதத்துக்கு அடியில் ஒரு பக்கமாய் விட்டு மறுபக்கமாய் இழுத்தாள். எங்கும் தட்டாமல் வந்தது.

"ஓம், நூல் போகுது" என்று அண்ணாந்து பார்த்துச் சொன்னாள். "உசந்துதான் இரிக்கீங்க."

இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கச் சொன்னான். இருந்தாள். பிறகு, சோறு ஆறுமுன் அவரவர் சஹனுக்குப் போனார்கள். மணலில் ஒருவருடைய கால்தடமும் விழவில்லை, அதைப் பார்க்க யாரும் திரும்பவுமில்லை.