எந்த எயார்போர்ட்?

சாமியறையில், பிள்ளையாரின் காலடியில், ரஜீவனின் பாஸ்போர்ட் சந்தனப் பொட்டோடு சாவகாசமாகக் கிடந்தது. அதற்குரிய ஆளோ நேற்றே திருகோணமலையில் பஸ் ஏறிக் கொழும்பில் ஒரு லொட்ஜில் நிற்கிறான். கட்டாரில் அவனுக்கு முதல் வேலை. இன்று பின்னேரம் மூன்று மணிக்குள் கட்டுநாயக்கா விமான நிலையத்துக் கவுண்டரில் பதியாவிட்டால் அந்த வேலை கையை விட்டுப் போய்விடும்.

ஆசீர்வாதத்துக்கென்று அங்கே வைத்தவர் அவனுடைய அப்பா ஞானசேகரம். எடுக்க மறந்தது வீட்டில் எல்லோரும். காலை எட்டு மணிக்கு ரஜீவன் போனில் அழாக்குறையாகக் கத்தியபோதுதான் அவன் மனைவி சோபனாவுக்கு விஷயம் விளங்கியது. மாமனாரோடு சண்டை பிடிக்க நேரமில்லை, மனிதர் தப்பினார்.

பக்கத்துச் சீனன்குடா விமானத் தளத்திலிருந்து ஒன்றரைக்கு ஒரு சின்ன விமானம் இருந்தது. முக்கால் மணித்தியாலத்தில் கொழும்பு. ரோட்டால் போனால் ஆறு மணித்தியாலம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சோபனா சீட்டைப் பதிந்துவிட்டு, சீனன்குடாவில் கொண்டுபோய் விடச் சொல்லி, கொழும்பு ஓட்டத்தில் பழகிய, அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் கிண்ணியா வான்காரர் ஆதம்பாவாவுக்குப் போன் எடுத்தாள்.

"பிளேன் எந்த எயார்போர்ட்டில இறங்குது தங்கச்சி?"

"கொழும்பிலதான் நானா."

"கொழும்புக்கு ரெண்டு இரிக்கி. இது ரத்மலானையில இறங்கும். கட்டுநாயக்கா மற்றப் பக்கம். நடுவில முழுக் கொழும்பும் கிடக்கு. டிரபிக்கில ரெண்டு மணித்தியாலம் போயிரும்."

சோபனா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். இரண்டேகாலுக்கு இறங்கி மூன்றுக்குள் எங்கே போவது?

"ரோட்டால போனா கட்டுநாயக்கா கொழும்புக்கு முதலே வந்திரும். வெளிக்கிடுங்க, நான் டவுனிலதான் நிக்கிறன்."

எட்டரைக்கு ஓர்ஸ் ஹில்லில் வீட்டு வாசலில் வான் வந்து நின்றது. கந்தளாய் எப்போது வந்தது, எப்போது போனது என்று சோபனாவுக்குத் தெரியாது. குருநாகலில் நெரிசலில் கால் மணித்தியாலம் அசையாமல் நின்றபோது அவள் தன் தெய்வங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஆதம்பாவா தன்னுடையவனைக் கூப்பிட்டார்.

இரண்டு இருபத்தைந்துக்கு விமான நிலைய வாசலில் ரஜீவன் பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டு ஓடினான். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. மூன்று மணிக்குப் போன் வந்தது. "பதிஞ்சிட்டன் சோபா."

அவள் வானுக்குள் இருந்து அழுதாள். "நானா, நீங்கள் அந்தக் கேள்வியைக் கேக்காட்டி நாங்கள் இண்டைக்கு அழிஞ்சு போயிருப்பம். எப்பிடிக் கேக்கத் தோணினது?"

ஆதம்பாவா ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார். "எண்ட பொஞ்சாதி குல்சும் மூண்டு வருஷம் சவூதியில வேலை செஞ்சிட்டு வந்த நாள், கொழும்பு எயார்போர்ட் எண்டு கேட்டு விசாரிச்சு நான் ரத்மலானையில போய் நிண்டனான். அவ கட்டுநாயக்காவில ஆறு மணித்தியாலம் பெட்டிக்கு மேல இருந்து அழுதிரிக்கா."

சோபனா கண்ணைத் துடைத்துக்கொண்டு குல்சுமின் நம்பரைக் கேட்டு வாங்கினாள்.

"ராத்தா, நான் திருகோணமலை சோபனா. நீங்கள் அண்டைக்கு அழுததாலதான் என்ர மனுஷன் இண்டைக்கு ஏறினவர்," என்று நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"பதினெட்டு வருஷமா அந்த மனுசனுக்கு ஏசிக்கொண்டிரிக்கன்," என்றாள் குல்சும். "இண்டையோட விட்டிட்டன் எண்டு சொல்லுங்க தங்கச்சி."