பெட்டிக்குள் கரடி

“மெதுவா நடம்மா. கரடி முழிச்சுக்கும்.”

நாலரை வயது மகள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு சமையலறையைக் கடந்தாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“எந்தக் கரடிடி?”

“பாட்டு டீச்சரோட கறுப்புப் பெட்டிக்குள்ள தூங்குதே, அது.”

“அங்க என்ன பண்றீங்க எல்லாரும்?”

மகள் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். “வீட்ல சொல்லக் கூடாது.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பாட்டு டீச்சர் மழலையர் பள்ளிக்கு வந்து மூன்றே வாரம். ஒல்லி உடம்பு, முதுகில் ஆள் உயரப் பெட்டி, யாரிடமும் அதிகம் பேச்சுக் கிடையாது.

“குழந்தை ஏதோ விளையாடுது, விடு,” என்றார் கணவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். “உன் கண்ணுக்கு நான்கூடத் திருடன்தான்.”

“விளையாட்டுன்னா எதுக்கு ஒளிக்கணும்?”

அவர் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டார்.

திருடன் என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. பெரிய பல்பொருள் அங்காடியின் பின்னறையில், பதினாறு கேமராத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து திருடர்களைப் பிடிப்பதுதான் அம்மாவின் வேலை. ஒன்பது வருஷமாக. தோள் லேசாக உயர்ந்தாலே போதும், அடுத்து சோப்பு சட்டைக்குள் போகப்போகிறது என்று சொல்லிவிடுவாள். கடையில் அவளுக்குக் கழுகு என்று பேர்.

மறுநாள் காலை கழுகு பள்ளிக்குப் போய் இசை வகுப்பின் கேமராப் பதிவைக் கேட்டது. தலைமையாசிரியை தயங்கவில்லை.

“எனக்கும் அந்தப் பொண்ணு மேல ஒரு கண்ணுதான். வகுப்பு ஆரம்பிச்சா திரைச்சீலையை இழுத்து மூடிடறா. நீங்க பாருங்க. ஏதாவது இருந்தா எழுதிக் குடுங்க, நாளையில இருந்து அவ வர வேண்டியதில்ல.”

மதிய இடைவேளையில், கடையின் பதினொன்றாம் திரையில் அதை ஓடவிட்டாள். கடைக் கேமராக்களைப் போலவே இதிலும் ஒலி கிடையாது. அது ஒரு குறையாகவே அவளுக்குப் படவில்லை.

அரையிருட்டு அறை. டீச்சரின் முதுகு மட்டும் தெரிந்தது. முன்னால் இருந்ததைத் தூண் மறைத்தது. வலது முழங்கை எதையோ அறுப்பதுபோல் போய்ப் போய் வந்தது. குழந்தைகள் தரையில் தவழ்ந்தார்கள். முழங்கை வேகமெடுத்தது. சட்டென்று நின்றது.

அத்தனை பேரும் மேசைக்கு அடியில் பாய்ந்தார்கள். ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டான்.

நடு அறையில் ஒரே ஒரு குழந்தை. இவள் பெற்றது. கைகள் உடம்போடு ஒட்டி, உதடு இறுகி, ஆடாமல் அசையாமல்.

கழுகு எண்ணியது. பதினொரு விநாடி.

தண்டனை. வேறென்ன? சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டுப் புகார்க் கடிதம் எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

சாயங்காலம் தலைமையாசிரியையின் அறை. மேசைமேல் கடிதம், அதன்மேல் பேனா. “கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எந்த இடம்னு காட்டிடுங்க,” என்று அவர் கணினியில் பதிவை ஓடவிட்டார். மகள் அம்மாவின் இடுப்பை இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“ஐ, நாங்க.”

திரையில் முழங்கை அசைந்தது. மகள் தொண்டைக்குள்ளிருந்து கனமாக முனகினாள். ம்ம்... ம்ம்ம்... முழங்கை போகும்போது தாழ்ந்தது, வரும்போது ஏறியது. வேகமெடுத்தபோது அவளும் எடுத்தாள். இம்மிகூடப் பிசகவில்லை.

முழங்கை நின்றது. அவளும் நின்றாள், மூச்சையும் பிடித்துக்கொண்டு.

“இங்க எதுக்குடி உன்னை மட்டும் நிக்க வெச்சாங்க?”

மகள் பேசவில்லை. பதினொரு விநாடி கழித்து ஒற்றை விரலைத் தூக்கினாள். திரையில் இருந்தவளும் தூக்கினாள். முழங்கை மறுபடி அசைந்தது, மேசைக்கு அடியிலிருந்து எல்லாரும் பாய்ந்து வந்தார்கள்.

“நான் விரலைத் தூக்கினாதான்மா பாட்டு வரும். டீச்சர்கூட எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கணும்.”

தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார். அம்மா கடிதத்தையும் பேனாவையும் கையில் எடுத்துக்கொண்டாள். ஒன்பது வருஷப் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விடுமா?

அந்த நேரம் பார்த்துக் கதவை இடித்துக்கொண்டு பெட்டி உள்ளே நுழைந்தது, பின்னாலேயே பாட்டு டீச்சர். அவள் பார்வை கடிதத்தில் விழுந்து அங்கேயே நின்றது.

“வீட்ல சொல்லாதேன்னு குழந்தைகிட்ட ஏன் சொன்னீங்க?” என்றாள் அம்மா.

“நான் சொல்லலைங்க.”

“அப்ப யாரு சொன்னது?”

“நான்தான்,” என்றாள் மகள். “கரடி தேனைத் திருடிடுச்சு. அதான் நாங்க ஒளிச்சு வெச்சிருக்கோம். உங்கிட்ட சொன்னா பிடிச்சுக் குடுத்துடுவ. உன் வேலையே அதானே?”

யாரும் சிரிக்கவில்லை. டீச்சருக்கு வாய்வரை வந்திருக்கும், அடக்கிக்கொண்டாள்.

“பெட்டியைத் திறங்க,” என்றாள் அம்மா.

தாழ்கள் சொடுக்கின. உள்ளே, வயலினை நாலு மடங்கு பெரிதாக்கியதுபோல ஒரு செல்லோ. டீச்சர் அதை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லை வைத்தாள்.

“பழைய சங்கீதம்ங்க. உக்காந்து கேளுன்னா இந்த வயசுல ஓடிடுவாங்க. அதான் கரடியாக்கிட்டேன். குகைக்கு வெளிச்சம் ஆகாதாம், திரைச்சீலையை மூடச் சொன்னதே இந்தப் பிள்ளைங்கதான்.”

வில் இழுபட்டது. முதல் ஒலி அம்மாவின் காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்கு வந்தது. நாற்காலி அதிர்ந்தது. கரடி நடந்தது, மோப்பம் பிடித்தது, ஓடியது. சட்டென்று நின்றது.

வில் காற்றில் தொங்கியது. ஒரு விநாடி. இரண்டு. எல்லாரும் அம்மாவையே பார்த்தார்கள்.

“அம்மா,” மகள் கிசுகிசுத்தாள். “விரலு.”

அம்மாவின் ஒரு கையில் பேனா, மறு கையில் கடிதம். கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். பிறகு, யாராவது பார்க்கிறார்களா என்று மூலையில் இருந்த கேமராவை ஒருமுறை முறைத்துவிட்டு, விரலைத் தூக்கினாள்.