வேர்க்காத சிவப்பு

ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், முட்டைக்கோசுக்குப் பின்னால், செய்தித்தாளில் சுற்றி ஒளித்து வைத்திருந்த கேனை மனைவி கண்டுபிடித்தபோது பஸ் டிரைவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"இங்க வாங்க."

இரண்டே வார்த்தைதான். வாயில் நுரையோடு ஓடினார். சமையல் மேடையில் கேன் மூடி திறந்து நின்றது. அதன் வாய்க்குள் அவள் மூக்கை விட்டிருந்தாள்.

"நாத்தத்தப் பாரு! ஒன்பது வருஷமா தொடலைன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணீங்களே. எந்தக் கடைச் சரக்கு இது?"

நுரையைத் துப்ப இடம் தேடுவதற்குள் அவள் கேனைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள்.

"ஐயோ, அது என்னோடது!"

"உங்களோடதுன்னு தெரியாமலா ஊத்துறேன்?"

"மூத்திரம்! இருபத்துநாலு மணி நேர மூத்திரம்! டாக்டர் கேட்டாங்க!"

கடைசிச் சொட்டும் இறங்கிவிட்டது. அவள் கேனைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பிறகு மெதுவாக மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். டிரைவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரிக்கச் சிரிக்கக் கழுத்திலிருந்து ஒரு சிவப்பு ஏறி, கன்னம், காது, வழுக்கை வரை பரவியது. பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரி நின்றார். அவள் கையைக் கழுவக்கூட மறந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடமாக இந்தச் சிவப்புதான் அவருக்குச் சனி. சாப்பிட்டால் சிவக்கும், மாடி ஏறினால் சிவக்கும், யாராவது அதட்டினால் சிவக்கும். கூடவே வயிறு தண்ணீராய்ப் போகும். இரவு ஷிப்டில் பயணிகளோடு வண்டியை ஓரம்கட்டிவிட்டு இருட்டுக்குள் ஓட முடியாது என்று அந்த ஷிப்டையே விட்டார். பகல் ஷிப்டில் எல்லோருக்கும் அவர் முகம் தெரிந்தது. டிப்போவில் 'தக்காளி' என்று பேர் வைத்தார்கள். வண்டி எடுக்கும் முன் ஊதும் மெஷினில் அவருக்கு எப்போதும் பூஜ்யம்தான் வரும். போர்மேன் அவர் முகத்தைப் பார்ப்பார், மெஷினைப் பார்ப்பார். "மெஷினுக்கே போதை ஏறிடுச்சுய்யா" என்று சொல்லி இரண்டு தடவை மெஷினை மாற்றினார். மூன்றாவது தடவை ஆளை மாற்றிவிட்டார். ஸ்டீயரிங் போய், பஸ் கழுவும் குழாய் கைக்கு வந்தது.

வீட்டில் மெஷின் தேவைப்படவில்லை. கதவைத் திறந்ததும் மனைவி "ஊதுங்க" என்பாள். ஊதுவார். வாடை இருக்காது. வாடை வராத சரக்கு ஒன்று கடைக்கு வந்துவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள். மூன்று டாக்டர்களில் ஒருவர் அல்சர் என்றார், ஒருவர் மனக்கவலை என்றார், மூன்றாமவர் எதையும் கேட்காமல் 'குடியை நிறுத்தவும்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

நான்காவது ஒரு சின்ன வயது டாக்டர் அம்மா. அன்று லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறிப்போய்ச் சிவக்கச் சிவக்க அவர் முன்னால் உட்கார்ந்தார் டிரைவர். குடிப்பீர்களா என்று கேட்பார், இல்லை என்று சொல்ல வேண்டும் என வாயைத் தயாராக வைத்திருந்தார். டாக்டர் எழுந்து வந்து புறங்கையால் அவர் கன்னத்தைத் தொட்டார்.

"இப்படிச் சிவக்கும்போது வேர்க்குமா?"

அதை யாரும் கேட்டதில்லை. அவரே யோசித்ததில்லை. "இல்ல மேடம். காஞ்சுதான் கிடக்கும்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். குடலில் அபூர்வமாக ஒரு வகைக் கட்டி வரும், அது ஒரு சுரப்பை ரத்தத்தில் கலந்துவிடும், முகம் வேர்க்காமல் சிவப்பதும் வயிறு போவதும் அதனால் இருக்கலாம் என்றார். ஒரு நாள் முழுக்க மூத்திரத்தைச் சேர்த்துக் குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, கொட்டைகள், தக்காளி எதுவும் கூடாது.

"தக்காளியுமா மேடம்?" என்று கேட்டுவிட்டுத் தனியாகச் சிரித்தார்.

மனைவியிடம் சொல்லவில்லை. கையில் காகிதம் இல்லாமல் அவளிடம் எதையும் சொல்வதை அவர் எப்போதோ விட்டிருந்தார்.

டாக்டர் கேட்டது, சொன்னது எல்லாவற்றையும் அவர் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு, தொட்டியில் போனது போகட்டும் என்று இரண்டாம் முறை அவளே பொறுப்பை ஏற்றாள். பழக்கூடையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். குளியலறை வாசலில் காலண்டரும் பேனாவுமாக நின்றாள். "இருங்க, மணி எழுதிக்கிறேன்" என்பாள். "எழுதுறதுக்குள்ள வந்துரும்" என்பார் உள்ளேயிருந்து. "கொஞ்சம் குறைவா இருக்கே, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். கல்யாணமான புதிதில்கூட அவள் இவ்வளவு கவனித்ததில்லை.

மூத்திரத்தில் அந்தச் சுரப்பின் கழிவு இருக்க வேண்டியதைப் போலப் பத்து மடங்கு இருந்தது. அடுத்து ஸ்கேன். ஊசியில் ஏற்றிய மருந்து கட்டி எங்கே இருந்தாலும் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். சிறுகுடலில் மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று, கல்லீரலில் சின்னதாய் இரண்டு.

"இதையும் புற்றுநோய்னுதான் சொல்லணும்" என்றார் டாக்டர். "ஆனா ரொம்ப மெதுவா வளர்ற வகை. வெட்டி எடுத்துடலாம்னு நினைக்கிறோம்."

மனைவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் திரையையே பார்த்தார்.

"அப்ப நான் குடிக்கல."

"இல்ல."

"அத லெட்டர்பேடுல எழுதித் தர முடியுமா மேடம்?"

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார். தன் வயிற்றுக் கட்டிக்காக ஒரு மனிதன் அந்த அளவு பூரித்து அந்தக் கட்டடம் பார்த்திருக்காது. பயம் இல்லாமல் இல்லை. அது அடுத்த வண்டியில் வரட்டும் என்று விட்டிருந்தார்.

வெளியே பெஞ்சில் மனைவி அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"ஒன்பது வருஷமுமா?"

"ஒன்பது வருஷமும்."

"என் மூக்கு தினம் சொல்லிச்சு. நான்தான் கேக்கல" என்றாள். காகிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். வெகு நாளைக்குத் திருப்பித் தரவில்லை.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. ஒரு அடிக் குடலும் கல்லீரலில் இரண்டு துண்டும் போயின. "கண்ணுக்குத் தெரிஞ்சத எல்லாம் எடுத்தாச்சு. தெரியாதது இருந்தா ஸ்கேன்ல பிடிப்போம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க" என்றார் அறுத்தவர். மூன்று மாதம் முகம் முகத்தின் நிறத்திலேயே இருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

முதல் நாள் ஊதினார். பூஜ்யம்.

"மெஷின மாத்தலையாண்ணே?"

"போய்யா தக்காளி, வண்டிய எடு" என்றார் போர்மேன், முதுகில் ஒரு தட்டுத் தட்டி.

மூன்றாவது நிறுத்தத்தில் மனைவி ஏறினாள். எங்கும் போக வேண்டிய வேலை இல்லை அவளுக்கு. முன்வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ்ஸே தன்னுடையது போல வெளியே பார்த்தாள். உச்சி வெயில். பெரிய சிக்னலில் வண்டி நின்றது. எஞ்சின் சூடு காலில் அடித்தது. டிரைவர் தற்செயலாக மேலே கண்ணாடியைப் பார்த்தார்.

முகம் சிவந்திருந்தது.

ஸ்டீயரிங்கில் கை அப்படியே நின்றது. கண்ணாடிக்குள்ளேயே அவள் முகத்தையும் பார்த்தார். அவளும் பார்த்துவிட்டாள். எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள். ஊதச் சொல்லவில்லை. அவர் நெற்றியில் உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுத்தாள்.

"ஈரம்" என்றாள்.

"என்ன?"

"ஈரம்ங்க. வேர்க்குது உங்களுக்கு."

சிக்னல் பச்சையானது. பின்னால் வரிசையாக ஹாரன் அலறியது. அவள் கையைத் துடைக்காமல் அவர் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள். முன்கண்ணாடி வழியாக வந்த வெயிலில் அது பளபளவென்று மின்னியது.