ஸ்டீயரிங்கில் ஆட்டம்

அவருடைய கால்கள் இரண்டும் லாரிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன, குதிகால் வெடிப்பில் கிரீஸ் கறுத்துப் படிந்திருக்கிறது, நான் மேலே டிரைவர் சீட்டின் நுனியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டிருக்கிறேன், திறந்து கிடக்கும் கதவு வழியாகக் குனிந்தால் அந்தக் கால்கள் மட்டும் தெரிகின்றன, அம்மிணி இன்னும் கொஞ்சம் வெரசா ஆட்டு என்று குரல் தரையிலிருந்து வருகிறது, ஆட்டுகிறேன், சக்கரம் அசைவதற்கு முன்பே ஸ்டீயரிங் ஒரு சாண் தூரம் சும்மா போய்ச் சும்மா வருகிறது, விழப்போகிற பல்லை நாக்கால் தள்ளுகிற மாதிரி, அந்தச் சும்மா போய்வருகிற தூரத்துக்குத்தான் ஆட்டம் என்று பேர், முன் சக்கரங்களைச் சேர்த்துப் பிடிக்கிற பால் ஜாயிண்டுகள் தேய்ந்துவிட்டால் வருவது, அதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், கல்யாணமாகி சங்ககிரிக்கு வந்த நாளிலிருந்து இந்த ஊரில் லாரியைத் தவிர வேறு எதைப் பற்றி யார் பேசினார்கள்.

அதற்கு முந்தின நாள் ஜபருல்லா பாயின் பட்டறையில் நின்றோம், எங்கள் வண்டிக்கு எப்போதும் அவர்தான் வேலை பார்ப்பார், படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தபடி, வேலு, ரெண்டு ஜாயிண்டும் கிண்ணமாட்டம் தேஞ்சு போச்சு, வண்டிய வுட்டுட்டுப் போ, வாரக் கடைசில தாரேன் என்றார், அதெப்படிங்க பாய், நாளன்னிக்கு லோடு ஏத்தோணும், ஜாமானம் வாங்கி நானே மாட்டிக்கறேன் என்றார் இவர், பாய் சிரித்தார், ஓட்டறவன் ஓட்டோணும், மாட்டறவன் மாட்டோணும், ரெண்டையும் நீயே பண்ணுனா நாங்கெல்லாம் எதுக்கு, கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, ஆனால் சுற்றி நின்ற டிரைவர்களும் சிரித்தார்கள், இவருடைய காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன், செங்கோட்டுவேலன் என்று முழுப் பெயரையும் வண்டியின் நெற்றியில் எழுதி வைத்திருந்த மனிதர், கூலி மிச்சமாகும் என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார், கூலிக்காக இல்லை, அந்தச் சிரிப்புக்காகத்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது, இப்போது தோன்றி என்ன.

வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில், காலை வெயிலில், ஜாக்கி வைத்துத் தூக்கி, சம்மட்டியால் அவர் அடித்த ஒவ்வொரு அடியும் நான் பிடித்திருந்த ஸ்டீயரிங் வழியாக என் முழங்கைக்கு ஏறியது, பழைய ஜாயிண்ட் டங்கென்று கழன்று விழுந்தபோது அடியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம், இந்தாப் பாரு அம்மிணி என்று அதை உருட்டிவிட்டார், உள்ளே இருந்த குண்டு எலும்பைப் போலத் தேய்ந்திருந்தது, மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் முடிந்துவிட்டது, மறுபடி ஆட்டச் சொன்னார், ஆட்டினேன், இந்த முறை என் கை அசைந்ததுமே சக்கரமும் அசைந்தது, கெட்டியாக, சொன்னதைக் கேட்கிற மாதிரி, எனக்கே சந்தோஷமாக இருந்தது, பிறகு பைபாஸ் வரை ஓட்டிப் பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டு போகிறார், நேர் ரோட்டில் ஒரு கணம் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துக் காட்டுகிறார், பாத்தியா, நூல் புடிச்சாப்ல போகுது, இனி பாயிகிட்ட எதுக்குப் போகோணும், நான் பயந்து அவர் கையைப் பிடித்து ஸ்டீயரிங்கில் வைக்கிறேன், அவர் சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன், அந்த மத்தியானத்தில் நாங்கள் புதிதாகக் கட்டிக்கொண்டவர்கள் போல இருந்தோம், அதை நினைக்கக் கூடாது என்று நினைக்கிறேன், அதுதான் முதலில் வருகிறது.

இரண்டு நடை போய்வந்தார், ஒன்றும் ஆகவில்லை, மூன்றாவது நடையில் கணவாய் இறக்கத்தில், மழை விட்ட சாயங்காலத்தில், வண்டி தானாக வலது பக்கம் இழுத்துக்கொண்டு போனது, ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பியும் கேட்கவில்லை, எதிரே மொபெட்டில் வந்தவர் பெயர் தீர்த்தகிரி, கொத்தனார், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர், அவரை அடித்து, பாறையில் மோதி நின்றது, இவருக்கு விலா எலும்பும் இடது கையும் முறிந்தன, அவர் இறந்துபோனார், இவ்வளவுதான் எனக்குப் போனில் சொன்னார்கள், நான் அன்று பார்க்கவில்லை, ஆனால் பார்த்ததுபோல எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், சில தடவை ஓட்டுவது நானாக இருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் இவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள், ஜபருல்லா பாய் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடந்த வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கட்டில் ஓரமாக நின்றார், வேலு, உன் வேலைல ஒரு குத்தமும் இல்ல, டயர் வெடிச்சிருக்குது, அது யாரு கையிலயும் இல்ல, சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார், அவர் போன பிறகு இவர் என்னிடம் சொன்னார், பாய் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லலே, சன்னலைப் பாத்துச் சொன்னாரு.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே கேள்விதான் அவர் கண்ணில் இருந்தது, டயர்தானே என்பார், டயர்தானுங்க என்பேன், சரி என்பார், சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவார், சொந்தக்காரர்கள் டயர் என்றார்கள், வக்கீல் டயர் என்றே சொல்லுங்கள் என்றார், வீடு முழுக்க அந்த ஒரு வார்த்தைதான், மத்தியானம் கண் அசந்தால் எனக்குக் கனவு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைச் சுற்றுகிறேன், சுற்றச் சுற்றச் சும்மாவே போகிறது, முடிவே இல்லாமல், அடியிலிருந்து ஆட்டு அம்மிணி ஆட்டு என்று குரல், குனிந்து பார்த்தால் நீட்டிக்கொண்டிருக்கும் கால்களில் காய்ந்த சிமெண்ட், விழித்தால் இவர் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒருநாள் காலையில் சொல்லாமல் கிளம்பிப் பட்டறைக்குப் போனேன்.

பாய், எங்கிட்ட நெசத்தச் சொல்லுங்க என்றேன், அவர் வேலை பார்த்த ஆட்களை டீ குடிக்க அனுப்பினார், தங்கச்சி, நட்டு கழலாம இருக்க ஒரு பின்னு மாட்டோணும், அந்த எடத்துல கம்பியச் சுத்தி வெச்சிருந்தான், கம்பி அறுந்து நட்டு எறங்கி ஜாயிண்ட் கழண்டுக்கிச்சு, டயர் மோதுனதுக்கப்புறம் வெடிச்சது, இதை அவங்கிட்டச் சொல்லிராத, செத்துப் போயிருவான், கேசு வேற இருக்குது, சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார், அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது தங்கச்சி, சிரிக்காம ராவோட ராவா முடிச்சுக் குடுத்திருக்கலாம், நான் பட்டறையை விட்டு வெளியே வந்தேன், வெயில், ரோட்டின் இரண்டு பக்கமும் லாரிகள், எல்லா லாரிகளின் முன் சக்கரங்களையும் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கட்டிலில் இருந்தபடியே கேட்டார், பாயிகிட்டப் போனியா, ஆமாங்க, என்ன சொன்னாரு, டயர் என்று சொல்ல வாயெடுத்தேன், அந்த வார்த்தை வரவில்லை, இத்தனை நாள் அவர் தட்டில் நான் போட்ட ஒவ்வொரு கரண்டிச் சோற்றிலும் அந்தப் பொய் கலந்திருந்தது என்றும், அதனால்தான் அவருக்கு இறங்கவில்லை என்றும் ஒரு நினைப்பு, நீங்க மாட்டுனதுதானுங்க கழண்டிருக்குது என்றேன், அவர் கத்தவில்லை, மூச்சை நீளமாக விட்டார், பின்னு உள்ள போகறப்ப ஒடைஞ்சுருச்சு அம்மிணி, வேற பின்னு இல்லே, போற வழில வாங்கி மாத்திக்கலாம்னு கம்பியச் சுத்துனேன், வண்டி நல்லாப் போச்சா, மறந்தே போயிட்டேன், இத்தனை நாளா எனக்கே ஆட்டமா இருந்துச்சு, கம்பியா டயரான்னு, பிறகு அழுதார், முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி, அன்று சாயங்காலம் முழுச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு, தீர்த்தகிரி சம்சாரத்துகிட்டப் போய்ச் சொல்லோணும் என்றார், கேசு இருக்குதுங்களே என்றேன், கேசுக்காகச் சொல்லலே என்றார்.

பஸ் மாறி, விசாரித்து, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே நடந்து போகிறோம், ஊரெல்லாம் வீடு கட்டிக் கொடுத்த கொத்தனாரின் வீடு பூசாமல் செங்கல்லாகவே நிற்கிறது, வாசலில் அவர் மனைவி மாதம்மாள் தக்காளிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து நல்லதையும் அழுகியதையும் பிரித்துக்கொண்டிருக்கிறாள், என்னைவிடச் சின்னவள், இவர் நின்றபடியே யார் என்று சொல்கிறார், அவள் கை நிற்கவில்லை, டயர் இல்லீங்க, நான் மாட்டுன ஜாயிண்டு, பின்னுக்குப் பதிலாக் கம்பி வெச்சிருந்தேன், என் தப்புதானுங்க, உங்க வூட்டுக்காரர நாந்தான் கொன்னேன், அவள் திட்டுவாள், மண்ணை வாரி வீசுவாள், கதவைச் சாத்துவாள் என்று நான் காத்திருந்தேன், அவள் கையிலிருந்த தக்காளியைப் பார்த்தபடியே கேட்டாள், அவுரு எதுனா பேசுனாரா.

இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார், இதை என்னிடம்கூட இவர் சொன்னதில்லை, பேசுனாருங்க, வண்டிய ஓரமா நிறுத்துங்க, வர்றவன் எவனாச்சும் மோதிக்கப் போறான்னாரு, அவரு மொபெட்டச் சொன்னாருங்க, நடு ரோட்டுல கெடந்துச்சு, அப்புறம் பேசலீங்க, நிறுத்துனீங்களா என்றாள் அவள், ஒரு கை ஒடைஞ்சிருந்துச்சுங்க, இன்னொரு கையில இழுத்து ஓரமா வெச்சனுங்க, அதை அவரு பாத்தாருங்க, அவள் தலையை ஆட்டினாள், முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், அவுரு அப்பிடித்தான் என்றாள், தூரத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம், பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து, இவரை அல்ல, என்னைப் பார்த்தாள், இத கோர்ட்லயும் சொல்லுவாரா, இவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார், லாரி போய்விட்டது, இனி நஷ்டஈட்டுக்கு வீடும் போகும், இவரையும் உள்ளே வைப்பார்கள், எல்லாம் எனக்குத் தெரியும், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், சொல்லுவாருங்க என்றேன், அப்ப போங்க, பசங்க பள்ளிக்கூடம் உட்டு வர்ற நேரம் என்று அவள் குவியலின் பக்கம் திரும்பிக்கொண்டாள், இவரைத் தூக்கி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், அவள் கை வேகமாக வேலை செய்துகொண்டிருந்தது, எது நல்லது எது அழுகியது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.