சுருக்கம் விட்டு வெட்டிய குச்சி

என் வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் மடங்காது. பனியன் துணியை அழுத்தித் தேய்க்கிற காலண்டர் உருளைக்குள் துணியோடு போய், அரை உயிராகத் திரும்பி வந்த விரல்கள் அவை. நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். கத்தரிக்கோல் பிடிக்க மீதி மூன்று விரல் போதும் என்று முதலாளியிடம் சண்டை போட்டு வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். ட்ரம்ஸ் குச்சியிடம் அந்தச் சண்டை எடுபடவில்லை.

மயில்சாமி அண்ணன் மெல்லிசைக் குழு நடத்தினார். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் நாலு காசு உள்ளவர் வீட்டுக் கல்யாணம் என்றால் அவருடைய ஆர்மோனியமும் என் ட்ரம்ஸும் உண்டு. விரல் போன பிறகு பல்லடத்தில் ஒரு வரவேற்பு. வேகமான பாட்டின் நடுவே குச்சி என் கையை விட்டுப் பறந்து மாப்பிள்ளையின் மடியில் விழுந்தது. மாப்பிள்ளை நல்ல மனுசன், எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய மாமனார்தான் கச்சேரி முடிகிறவரை என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"அர்த்தநாரி, தைப்பூசத்துக்குச் சிவன்மலையில கச்சேரி இருக்குது. கோயமுத்தூர் ட்ரம்மர் ஒருத்தரையும் வரச் சொல்லியிருக்கறேன். அன்னிக்கும் குச்சி பறந்துச்சுன்னா அவரு உக்காந்துக்கட்டும். அதுக்கப்பறம் அவரேதான். மனசுல வெச்சுக்காதப்பா" என்றார் அண்ணன்.

மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பதாம்?

அந்த வாரமே குழுவுக்கு ட்ரம் செட் வாங்கக் கோயமுத்தூர் போனோம். கடை வாசலிலேயே ஒரு சிவப்புச் செட் பளபளவென்று நின்றது. அண்ணன் அதைவிட்டு நகரவில்லை. நான் மூலையில் கிடந்த வெளிறிப்போன செட்டைத் தட்டிப் பார்த்தேன். ஓரமெல்லாம் நசுங்கியிருந்தது. ஆனால் மெல்லத் தொட்டாலே கணீரென்று பேசியது. சிவப்பை ஓங்கி அடித்தால்தான் வாய் திறக்கும், ஓங்கி அடித்தால் என் குச்சி பறக்கும். நான் மூலையில் கிடந்ததையே மறுபடி தட்டினேன். என் கையையும் அந்தச் செட்டையும் அண்ணன் மாறி மாறிப் பார்த்தார்.

"உன்ற கைக்குத் தோதா இருக்கறதையே எடுத்துக்கலாம்" என்றார்.

எனக்கு மாற்று ஆள் பார்த்துக்கொண்டே என் கைக்கு ஏற்ற செட்டை வாங்குகிற மனுசனை என்னதான் செய்வது? நிம்மதியாகத் திட்டக்கூட முடியவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கடைக் குச்சிகள் எல்லாம் மெலிசு, மேலே வார்னிஷ் வேறு. மூன்று விரலில் நிற்கவில்லை. அதனால் தறிச் சாமான் கடைகிற தச்சர், விரல் போவதற்கு முன்பே எனக்கு ஒரு சோடி கடைந்து கொடுத்த ஆத்தப்பனிடம் புளிய மரத்தில் புதுச் சோடி கேட்டேன். அளவு சொன்னேன்.

"ஏனுங்க மாஸ்டர், போன தடவையவிட ஒன்றரை இஞ்சு சாஸ்தியா இருக்குதுங்களே?"

"சொன்னதைச் செய்யுங்க. அளவு எனக்குத் தெரியாதுங்களா?"

அவர் அளவைக் குறித்துக்கொண்டார். பூசத்தன்று காலையில் குச்சி வந்தது. என் மனைவி செல்லாத்தாள் பழைய குச்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது எதுக்குங்க இத்தனை நீளம்?"

"சுருக்கத்துக்கு விட்டிருக்கறேன்."

சொன்ன பிறகுதான் என் பேச்சு என் காதிலேயே விழுந்தது. பின்னலாடைத் துணி முதல் துவையலில் சுருங்கும். அதனால் கட்டிங் மாஸ்டர் எதை அளந்தாலும் கொஞ்சம் கூட விட்டுத்தான் வெட்டுவான். பல வருசப் பழக்கம், மரத்துக்கும் விட்டுவிட்டேன்.

"குச்சியத் தொவைக்கவா போறீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைத் திட்டினேன், ஆத்தப்பனைத் திட்டினேன், அந்தப் புளிய மரத்தையும் விடவில்லை. குறைத்து வாங்கலாம் என்று ஓடினால் தச்சர் காவடியோடு சிவன்மலைக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தார். அவ்வளவுதான், இத்தனை நீளம் மூன்று விரலில் நிற்காது, என் ட்ரம்ஸ் இன்றோடு முடிந்தது என்று நொந்துபோய் வீட்டுக்கு வந்தேன்.

செல்லாத்தாள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியில் இன்னும் தண்ணீரே படாத கோராத் துண்டு ஒன்றை எடுத்துக் குழாய்போலத் தைத்து, நான் விரல் பிடிக்கும் இடத்தில் உறையாக இழுத்து மாட்டினாள். நனைத்து வெயிலில் வைத்தாள்.

"சுருங்கறது துணிதானுங்களே. அதுவாச்சும் சுருங்கட்டும்" என்றாள்.

மதியத்துக்குள் அந்த உறை குச்சியோடு ஒட்டிப்போயிருந்தது. திருகிப் பார்த்தேன், அசையவில்லை.

மேடையில் ஏறியபோது கோயமுத்தூர்க்காரர் முன்வரிசையில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள் அவருடைய குச்சிகள். நான் வழக்கமான இடத்தில்தான் பிடித்தேன். கூடுதலாக இருந்த ஒன்றரை இஞ்சு பின்னால் நீண்டு மணிக்கட்டை ஒட்டிப் படிந்தது. மடங்காத இரண்டு விரல் செய்ய வேண்டிய வேலையை அது செய்தது. வேகப்பாட்டு வந்தது. கை வேர்த்தது, ரிப் துணி வேர்வையைக் குடித்தது. அடிக்க அடிக்கக் குச்சி கையிலேயே நின்றது. முருகா, உனக்கும் நன்றி, அந்தச் சிரிப்புக்காரிக்கும் நன்றி என்று தாளத்தோடு சேர்த்து முணுமுணுத்துக்கொண்டே வாசித்தேன்.

முடிந்ததும் மயில்சாமி அண்ணன் நேராகக் கோயமுத்தூர்க்காரரிடம் போனார்.

"சிரமப்பட்டு வந்தீங்க, சாப்புட்டுட்டுத்தான் போகோணும். வாசிக்க எங்க ஆளே இருக்கறாருங்க" என்றார்.

எங்க ஆள். அதைக் கேட்ட பிறகு ட்ரம்மைக் கழற்ற எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுநாள் பிரசாதத்தோடு ஆத்தப்பன் வீட்டுக்குப் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே உளியை எடுத்தார்.

"குடுங்க மாஸ்டர், அந்த ஒன்றரை இஞ்சை எடுத்துப் போடறேன்."

நான் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"தொட்டுறாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகுது. இன்னொரு சோடி வேணுமுங்க. அதுக்கும் சுருக்கம் விட்டே வெட்டுங்க."